நேரத்துக்குப் போய்ச்சேரும் வண்டி

விழுப்புரத்தில் கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடுகிறவர்கள் இன்றைக்குத் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆனாலும் மாதக்கணக்கில் முன்கூட்டியே தேதி சொல்லிவைத்துவிட்டுக் கலைப்பிரியாதான் வரவேண்டும் என்று காத்திருக்கிற வீடுகள் உண்டு. அவள் கைவேலை சுத்தம் என்பது ஒரு காரணம். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பாள் என்பது இன்னொரு காரணம்.

கண்டாச்சிபுரத்தை ஒட்டிய ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். காமர்ஸ் படித்துவிட்டு, அந்தப் படிப்புக்கு வேலை எதுவும் சரியாக அமையாமல், பியூட்டிசியன் கோர்ஸ் முடித்தாள். கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ராஜ்குமாரைக் கட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கு வந்தாள். ஆரம்பத்தில் மேக்கப் பெட்டியை ஸ்கூட்டரில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். பிறகு அம்சவள்ளி அவளோடு சேர்ந்தாள். பூக்கட்டும் வேலையிலிருந்து வந்த அம்சவள்ளிக்குத் தலை பின்னுவதும் புடவை மடிப்பு வைப்பதும் தண்ணீர் பட்ட பாடு. வயதிலும் உடம்பிலும் கலைப்பிரியாவைப் போல இரண்டு பங்கு. ஸ்கூட்டரில் இருவரும் பெட்டியும் போக வழியில்லை. வாடகைக் கார் பிடித்தார்கள்.

அந்த வாடகைக் கார்தான் ஒரு தை மாதத்தில் அவளைக் கைவிட்டது. செஞ்சிப் பக்கம் முகூர்த்தம். வருகிறேன் என்ற டிரைவரின் போன் அணைந்து கிடந்தது. வேறு வண்டி தேடிப் பிடித்து மண்டபம் போய்ச் சேர்ந்தபோது வானம் வெளுத்துவிட்டது. தலைக்கு ஊற்றிக்கொண்ட பெண் ஈரக் கூந்தலோடு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டார். கலைப்பிரியாவுக்கு அது பல நாள் நெஞ்சில் நின்றது.

அதற்குப் பிறகுதான் சொந்த வண்டி என்ற எண்ணம் வந்தது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். அவள் போகிற ஊர்ப் பாதைகளுக்குத் தாழ்ந்த கார் ஆகாது. வேகத்தடையில் அடி இடிக்கும். சின்ன எஸ்யூவியாக, பழையதாக, ஆனால் இன்னும் பல வருடம் கைகொடுக்கிறதாக ஒன்று வேண்டும். இதுதான் அவள் கணக்கு. ராஜ்குமார் இரவும் பகலும் யூடியூபில் கார் வீடியோ பார்த்தான். டைமிங் செயின், டர்போ என்று சாப்பிடும்போதுகூடப் பேசினான்.

திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் திருமுருகன் என்பவர் பழைய கார்கள் வாங்கி விற்கும் இடம் ஒன்று வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்சவள்ளியையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேருமாகப் போனார்கள். வெள்ளை நிற வண்டி ஒன்று கண்ணாடி போல மின்னிக்கொண்டு நின்றது. ஓட்டம் மிகக் குறைவு. ஒரே கைதான் மாறியிருக்கிறது. டயர்கூடப் புதுசு.

"இது மாதிரி அமையாது கலை," என்றான் ராஜ்குமார் காதோரமாக. "பேசி முடிச்சிடலாம்."

கலைப்பிரியாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது. "யக்கா, பின்னாடி ஏறி உக்காந்து பாருங்க. பெல்ட்டு போட்டுப் பாருங்க. உங்களுக்குத் தோதா இருந்தாத்தான்," என்றாள் அம்சவள்ளியிடம்.

"எனக்கின்னாம்மா, நான் எதுல வேணா வருவேன்," என்றபடி அம்சவள்ளி ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்தாள். எட்டவில்லை. இன்னும் இழுத்தாள். சுருளின் கடைசிவரை வந்தது. அந்தக் கடைசி ஒரு முழம் மட்டும் பழுப்பேறிக் கிடந்தது. அதிலிருந்து மாவு போல ஏதோ அவள் புடவை மேல் உதிர்ந்தது.

"இன்னாம்மா இது, ஏரி வண்டலாட்டம் கொட்டுது?"

கலைப்பிரியா அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஃபெஞ்சல் புயல் வெள்ளம் வடிந்த பிறகு விழுப்புரத்தில் அந்த மண்ணைத் தெரியாதவர்கள் இல்லை. வீட்டுச் சுவரிலிருந்தும் பீரோவின் காலிலிருந்தும் மாதக்கணக்கில் சுரண்டியிருக்கிறார்கள். அவள் விரலை ராஜ்குமாரிடம் நீட்டினாள். அவன் பார்த்துவிட்டு, குனிந்து முன்சீட்டுக்கு அடியில் மொபைல் வெளிச்சத்தை அடித்தான். சீட்டு நகரும் தண்டவாளத்தில் திட்டுத்திட்டாகத் துரு.

திருமுருகன் பக்கத்தில் வந்தார். "நான் ஏலத்துல எடுத்தது மேடம். உள்ள எல்லாம் கழுவித்தான் குடுத்தாங்க. தண்ணி பாத்த வண்டின்னு எனக்கே தெரியாது." தெரியுமா தெரியாதா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ரேட்டு நல்லா கொறைச்சிக்கலாம். ஓடிக்கினுதானே இருக்குது," என்றார்.

வாங்கியே தீர வேண்டும் என்றிருந்த ராஜ்குமார்தான் அதற்குப் பதில் சொன்னான். "என் ஜெராக்ஸ் மெஷினும் அப்டித்தாங்க. தண்ணி வடிஞ்சதும் காயவெச்சி சரி பண்ணாங்க. ரெண்டு மாசம் ஜோராத்தான் ஓடிச்சி. அப்புறம் இன்னிக்கு இது, நாளைக்கு அதுன்னு ஒவ்வொண்ணா போயி, ஒரே பேஜாரு. இதுல மெஷினவிட ஒயருங்க ஜாஸ்தி."

பஸ் ஏறித் திரும்பினார்கள். வழியில் அம்சவள்ளி, "எனக்கு இந்த ஒடம்பு ஒரு நாளைக்காவது ஒதவிச்சே," என்றாள்.

அதற்குப் பிறகு பார்த்த வண்டிகள் பல. பனமலைப் பக்கம் ஒருவர் வைத்திருந்தது மூன்று டிரைவர் கை மாறியது. கேட்ட எதற்கும் அவருக்கே விடை தெரியவில்லை. வைகாசியில் கோட்டக்குப்பத்தில் ஒரு நிக்காஹ்வுக்குப் பெண்ணை அலங்கரிக்கப் போனாள் கலைப்பிரியா. பெண்ணின் பெரியம்மா நஃபீசா பீவி. கணவர் இப்ராஹிம் ஷா குவைத்தில் வேலை பார்க்க, இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் வண்டியையும் தானே பார்த்துக்கொண்டவர். பிள்ளைகள் படிப்பு முடித்துவிட்டதால் அவரும் குவைத் போகிறார், வண்டியை விற்கப்போகிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

அடுத்த வாரம் கலைப்பிரியாவும் ராஜ்குமாரும் வண்டியைப் பார்க்கப் போனார்கள். சாம்பல் நிற வண்டி வாசலில் நின்றது. பம்பரில் கீறல். ஓட்டம் ஒரு லட்சத்துக்கு மேல். ராஜ்குமார் உதட்டைப் பிதுக்கினான்.

"காலைலேர்ந்து நான் ஸ்டார்ட்டே பண்ணலம்மா," என்றார் நஃபீசா பீவி. "பானெட்ட தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும். நீங்களே போடுங்க. சூடான வண்டி எல்லாமே நல்லாத்தான் பேசும்."

கலைப்பிரியா சாவியைத் திருப்பினாள். டீசல் எஞ்சின் ஒரு நொடி கனைத்துவிட்டுச் சீராகப் பிடித்துக்கொண்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தாள். இறங்கியதும் நஃபீசா பீவி அவளைக் கதவுப் பக்கம் கூட்டிப்போனார்.

"இதுக்கு அடியில கைய உட்டுப் பாருங்க. துரு. கடக்கர ஊரு, இன்னா பண்றது. வாராவாரம் அடியில நல்ல தண்ணி அடிச்சித்தான் கழுவுறேன், அப்டியும் வந்திடுச்சி. மத்தியானத்துல ஏசி ஜில்லாவ நேரம் புடிக்கும். அப்புறம் கிளட்ச்சு. தெனம் புள்ளைங்கள உட பாண்டிச்சேரி டிராஃபிக்குல நின்னு நின்னு போனது. தேஞ்சிகினு வருது. இப்பத்திக்கு ஓடும். தை மாசம் உங்களுக்கு வேல நெருக்கும் இல்ல, அதுக்கு முன்னாடி மாத்திடுங்க."

"இவ்ளோ ஓடியிருக்குதே கலை," என்றான் ராஜ்குமார் தணிந்த குரலில்.

"அதாங்க நானும் பாக்கறேன். எத்தினி வருஷமா ஓடிக்கினே இருந்திருக்குது. எங்கயும் நிக்கல. எங்க இன்னா இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியுது."

ராஜ்குமார் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. கடல்காற்று பட்ட வண்டி, அடிப்பகுதியைத் தூக்கிப் பார்க்காமல் வேண்டாம் என்றான். அது நியாயம்தான் என்ற நஃபீசா பீவி, தன் வழக்கமான மெக்கானிக் வேண்டாம், அவர்களே ஒருவரைப் பார்க்கட்டும் என்று சொல்லி, கூடவே வந்தார். பாண்டிச்சேரியில் ஒரு பட்டறையில் வண்டியை லிப்டில் ஏற்றினார்கள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். துரு மேலோட்டம்தான், சட்டகம் கெட்டி, முன்சக்கரத்தில் ஒரு ரப்பர் மட்டும் கிழிந்திருக்கிறது என்றார் மெக்கானிக். வண்டி கைமாறியது.

சாவியைக் கொடுக்கும்போது நஃபீசா பீவி துப்பட்டா முனையால் ஸ்டியரிங்கை ஒரு தரம் துடைத்தார். "எப்பிடி ஓடுதுன்னு அப்பப்ப ஒரு போன் போடுங்கம்மா," என்று மட்டும் சொன்னார்.

ஆவணி முகூர்த்தங்கள் வந்தன. ஐப்பசி மழை வந்தது. வயலுக்கு நடுவில் இருக்கும் மண்டபங்களுக்கும், சேறான ஊர்த் தெருக்களுக்கும் வண்டி முணுமுணுக்காமல் போய்வந்தது. காலை நேரத்தில் தயங்காமல் கிளம்பியது. பின்சீட்டை அம்சவள்ளி தன் வீடாக ஆக்கிக்கொண்டாள். பூக்கூடைக்கு ஒரு இடம், வெற்றிலைப் பைக்கு ஒரு இடம். கலைப்பிரியாவுக்கு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இருந்த, நேரத்துக்குப் போய்ச் சேருவோமா என்ற பயம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

மார்கழி சும்மா கிடந்தது. அப்போதே கிளட்ச்சை மாற்றியிருக்கலாம். நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிட்டாள். தை பிறந்ததும் ஒரு மேட்டில் எஞ்சின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. பட்டறைக்காரர் இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அவளிடம் இரண்டு நாள் இல்லை. இந்த முகூர்த்தம் முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று தள்ளினாள்.

மரக்காணத்தில் ஒரு வரவேற்பு. மத்தியானம் கிளம்பித் திண்டிவனம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பெருமுக்கல் மலை வலப்பக்கம் தெரிந்தபோது வண்டி ஊளையிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் வந்தது. வண்டி மெல்ல மெல்லச் சோர்ந்து ஓரத்தில் நின்றது.

"கருவாடு தீயறாப்புல நாறுதேம்மா," என்றாள் பின்னாலிருந்து அம்சவள்ளி.

கலைப்பிரியா விளக்கைச் சிமிட்டவிட்டு இறங்கினாள். முதலில் கல்யாணப் பெண்ணுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அடுத்து ராஜ்குமாரிடம் வண்டியை இழுத்துப்போக ஏற்பாடு செய்யச் சொன்னாள். அதற்குள் அம்சவள்ளி ரோட்டில் இறங்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த உப்பு லாரி ஒன்று நின்றது. டிரைவர் சக்கரபாணி எட்டிப் பார்த்து, "மரக்காணம்தானே? ஜல்தி ஏறுங்க. பெட்டிய பின்னால போட்டுக்கலாம்," என்றார். அம்சவள்ளியை ஏற்றுவதுதான் பெரிய பாடாக இருந்தது. மேலிருந்து சக்கரபாணி கையைப் பிடித்து இழுக்க, கீழிருந்து கலைப்பிரியா தள்ள, நடுவில் சிரிப்பு வந்து மூன்று பேரும் ஒரு தரம் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள்.

மண்டப வாசலில் உப்பு லாரியிலிருந்து இறங்கிய மேக்கப்காரியை மாப்பிள்ளை வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள். பெண் மட்டும் அறையில் நிம்மதியாக பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். "நீங்கதான் போன் பண்ணிட்டீங்களேக்கா. நான் டென்ஷனே ஆவல," என்றாள். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த உப்புக்கல்லைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்கினாள் கலைப்பிரியா. வெளியே பாட்டுக் கச்சேரிக்காரர்கள் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்சவள்ளி கடைசி மடிப்புக்கு ஊக்குக் குத்தினாள்.

இரண்டு நாள் கழித்துத் திண்டிவனத்தில் பட்டறையில் வண்டி தயாராகியிருந்தது. கிளட்ச் பிளேட் காகிதமாகத் தேய்ந்துபோயிருந்ததாம். மற்றபடி வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அங்கிருந்தே அவள் குவைத்துக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தாள். நடந்ததைக் கேட்டதும் நஃபீசா பீவியின் குரல் இறங்கிவிட்டது.

"நான் உங்ககிட்ட எதையும் மறைக்கலியேம்மா."

"அய்யோ இல்லக்கா. நீங்க தேதியோட சொன்னீங்க. நான்தான் தள்ளிக்கினே வந்தேன். அத சொல்லத்தான் கூப்புட்டேன்."

"ஸ்டார்ட் பண்ணுங்க. எஞ்சின் பக்கத்துல போன வைங்க," என்றார் நஃபீசா பீவி. கலைப்பிரியா எஞ்சினைப் போட்டு, திறந்திருந்த பானெட் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டறைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சரி, நல்லாருக்குது," என்றார் நஃபீசா பீவி.

புது கிளட்ச் இலேசாக இருந்தது. தேய்ந்ததற்குப் பழகிய அவள் கால், பெடலை எங்கே விட வேண்டும் என்று தெரியாமல் தடுமாறியது. பைபாஸ் சிக்னலில் வண்டி இரண்டு தரம் அணைந்தது. பின்னாலிருந்து பஸ் ஹாரன் அடித்தது. கலைப்பிரியா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிவிட்டு, டிரைவிங் ஸ்கூலில் முதல் நாள் செய்தது போலக் காலை மெதுவாக, மிக மெதுவாக எடுத்தாள். வண்டி விழுப்புரம் ரோட்டில் நகர்ந்தது.