மலர் கேட்காத கேள்வி

மலரை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் மகன் கால்வின் இன்று உயிரோடு பந்து உதைத்துக்கொண்டு திரிவது அவளால்தான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மலேசியாவின் ஜொகூரில் எங்கள் ஊர் சிம்பாங் ரெங்கம். அதன் கடைவீதியில் ஒரு தனியார் கிளினிக். அங்கே கௌண்டரில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் மலர். பெயர் எழுதி, நம்பர் கொடுத்து, மருந்து எடுத்துத் தருகிற வேலை. நர்ஸுக்குப் படித்தவள் இல்லை, ஆனால் ஊரே அவளை நர்ஸ் என்றுதான் கூப்பிடும். அவளும் மறுத்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போனபின் தம்பி குணாளனை ஆளாக்குவதிலேயே அவள் வயது போய்விட்டது. வாய் கொஞ்சம் நீளம். யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அவளுக்கு அத்துப்படி.

2022 ஆரம்பத்தில் கோவிட் பிள்ளைகளைப் பிடித்தது. இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் எழுந்து ஓடிவிடுவார்கள். நாங்களும் அலட்சியமாக இருந்தோம். நாலைந்து வாரம் கழித்து, எல்லோரும் அதை மறந்த பிறகு, எங்கோ ஒரு பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வரும். கண் சிவக்கும், வயிறு வலிக்கும், உடம்புக்குள் அழற்சி கிளம்பி இதயம் வரைக்கும் போய்விடும். அந்த ஒரு பிள்ளை எது என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கிளினிக் டாக்டர் ஒரு தாளில் நாலு கட்டம் போட்டு மலரிடம் கொடுத்திருந்தார். மூன்று நாளாகக் காய்ச்சலா, கண்ணோ தோலோ சிவந்திருக்கிறதா, வயிற்று வலியா, ஆறு வாரத்துக்குள் கோவிட் வந்ததா. மூன்று கட்டத்தில் கோடு விழுந்தால் நேரே குளுவாங் ஆஸ்பத்திரிதான்.

கடைசிக் கட்டத்தில்தான் நாங்கள் எல்லோரும் பொய் சொன்னோம். வீட்டில் சோதித்து இரண்டு கோடு வந்தால் கைப்பேசியில் பதிய வேண்டும். பதிந்தால் வீட்டோடு அடைத்துவிடுவார்கள். நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறவன். லோரி ஓடாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். அதனால் கால்வினுக்கு வந்ததை நான் பதியவே இல்லை. ஒரு மாதம் கழித்து, கண் சிவந்து மறுபடி காய்ச்சலோடு அவனைக் கூட்டிப்போன அன்று மலர் கேட்டபோதும், கோவிட் வரவில்லை என்று கூசாமல் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கௌண்டருக்கு மேல் எட்டி அவனிடம் கேட்டாள்: "மூக்குல குச்சி விட்டாங்களாய்யா? ரொம்ப வலிச்சுச்சா?"

"ரெண்டு தடவ, ஆண்ட்டி. அப்பாதான் விட்டாரு."

இதுதான் அவள் வேலை செய்கிற விதம். பெரியவர்களை ஒப்புக்குக் கேட்பாள், பிள்ளையிடம் வலியைக் கேட்பாள். எந்தப் பிள்ளையும் அந்த வலியை மறைக்காது. கிளினிக்கே வேடிக்கை பார்க்க என்னைக் கிழித்துத் தொங்கப்போட்டாள். அன்று மாலையே கால்வின் குளுவாங்கில் படுக்கையில் இருந்தான், கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பத்து நாளில் வீடு திரும்பினான். அந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்காததற்கு வெட்கமாகவும் இருக்கிறது.

அதே மாதம் எங்கள் தாமான் குடியிருப்பில் சபாபதி வீட்டிலும் இப்படியே கண்டுபிடித்து, சுகாதார இலாகாவுக்கே போன் போட்டுவிட்டாள். அந்தக் குடும்பம் ஒரு வாரம் வாசல் தாண்டவில்லை. அதிலிருந்து ஊரில் பலர் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். தம்பி குணாளனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

குணாளனுக்குச் சிங்கப்பூரில் வேலை. கோவிட்டால் எல்லை மூடியதிலிருந்து இரண்டு வருடம், அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்த தன் வீட்டில் கிடந்தான். ஏப்ரல் முதல் தேதி சிங்கப்பூர்ப் பாலம் திறக்கிறது, வந்து சேர் என்று கம்பெனி சொல்லியிருந்தது. மார்ச் கடைசி வாரம் அவன் மகள் லோஷினிக்கு, எட்டு வயது, லேசாகக் காய்ச்சல். சோதித்தார்கள், இரண்டு கோடு. அக்காவுக்குத் தெரிந்தால் எல்லாம் கெட்டது என்று மனைவி செல்வராணியிடம் சொல்லி, குச்சியைத் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, குறித்த தேதியில் பாலத்தைக் கடந்துபோய்விட்டான்.

ஏப்ரல் முடியும் சமயம் லோஷினிக்கு மறுபடி காய்ச்சல். மூன்றாம் நாள், வயிற்று வலியும் சேர்ந்துகொள்ள, செல்வராணி பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தாள். மலர் பதறிப்போய் முதல் நம்பரைக் கொடுத்தாள். தாளை அவளே நிரப்பினாள். காய்ச்சலுக்கு ஒரு கோடு, வயிற்று வலிக்கு ஒரு கோடு. கோவிட் கட்டத்தில் யாரையும் கேட்காமல் 'இல்லை' என்று எழுதினாள். தன் வீட்டுப் பிள்ளைக்கு வந்திருந்தால் தனக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நினைப்பு. செல்வராணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், வாய் திறக்கவில்லை. டாக்டர் டெங்கிக் காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணி, தினமும் ரத்தம் சோதிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, கை கால் சில்லிட்டு, பிள்ளை துவண்டு விழுந்தாள். அதே தாமான்காரன் என்று மலர் என்னைத்தான் கூப்பிட்டாள், என் காரில்தான் குளுவாங்குக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க மலர் அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே கோவிட் வந்ததா என்பதுதான். மலர் முந்திக்கொண்டு மலாயில், இல்லை என்றாள். அப்போதுதான் செல்வராணி அழ ஆரம்பித்தாள்.

"வந்துச்சு, அண்ணி. மார்ச் மாசம். அவருதான் ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு."

மலர் அங்கே இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

பிள்ளையை ஜொகூர் பாருவுக்கு மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று வீங்கிவிட்டது. அந்த இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார் டாக்டர். சொல்ல முடியாது என்பதைப் போலக் கொடுமையான பதில் வேறு இல்லை.

குணாளன் ஓடிவந்தான். வார்டு வாசலில் அக்காவைப் பிடித்துக்கொண்டான். "ஊர்ல எல்லார் வீட்டையும் நோண்டுவியே. எம்பிள்ளைய கேக்க மட்டும் ஒனக்குத் தோணலியா?"

மறைத்தவன் அவன், குற்றவாளி அவள். அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. ஆனால் அறைவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? நான் சொன்ன பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு மலர் இருந்தாள். அவன் பொய்க்கு அவள் இல்லாமல் போய்விட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது லோஷினி தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். பள்ளி ஓட்டப்போட்டியில் பெயர் கொடுக்கக் கூடாது. குணாளன் இன்னும் பாலம் கடந்துதான் போய்வருகிறான், அக்காவோடு பேச்சில்லை. பள்ளி விட்டதும் பிள்ளை மட்டும் கிளினிக்குக்கு வந்து, கௌண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்.

போன வாரம் இருமல் மருந்து வாங்கப் போயிருந்தேன். மலர் ஒரு சின்னப் பையனிடம் மூக்கில் குச்சி விட்டார்களா, வலித்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். லோஷினி மைலோவை உறிஞ்சிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குந்தான் வலிச்சுச்சு, அத்தை. நீங்க கேக்கவே இல்லியே."

குறையாகச் சொல்லவில்லை. சும்மா, ஞாபகம் வந்ததைச் சொன்னாள். மலர் பேனாவைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு அந்தப் பையனின் தாளில் கோடு போட்டுவிட்டு, அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.