இயக்குநர் வாங்கிய பங்கு

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் அவருக்கு அங்கே பட்டப்பெயர் டைரக்டர். சினிமாவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நிறுவனத்தின் இயக்குநர்கள் தங்கள் நிறுவனப் பங்கையே வாங்கினால் பங்குச்சந்தைக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த அறிவிப்புகளைச் சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியில் படிப்பது அவர் வழக்கம்.

"இன்னைக்கு யாரு என்ன வாங்கினாங்க, டைரக்டர் சார்?" என்று வரவேற்பில் இருக்கும் பெண் சீண்டினால் கேட்காததுபோல் இருப்பார். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

மின்னணுச் சிப் செய்யும் நிறுவனங்கள்மேல்தான் அவருக்குக் கண். அந்தத் தொழில் ஒரு வருடம் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும். மறுவருடம் கிடங்கில் சரக்கு தேங்கும். எது வரப்போகிறது என்பது உள்ளே இருப்பவனுக்குத்தான் முதலில் தெரியும். அவன் கைக்காசைப் போட்டு வாங்கினால் சும்மாவா வாங்குவான்? இதுதான் அவர் தர்க்கம். மோசமான தர்க்கம் என்று சொல்லிவிட முடியாது.

கார்களுக்குச் சிப் செய்யும் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் இருபதாயிரம் பங்கு வாங்கியதாக அறிவிப்பு வந்த அன்றே தங்கை வீட்டுக்குப் போனார். தங்கையின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருப்பது ஒரே கார். இரண்டாவதற்குச் சேர்த்த பணம் வங்கியில் கிடந்தது.

"உள்ள இருக்கிறவனே வாங்குறான், மாப்பிள்ளை. இதுக்குமேல என்ன வேணும்?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், மச்சான். போட்டுடலாம்."

எட்டு நாள் கழித்து, வரவேற்புப் பெண்ணிடம் பீற்றிக்கொள்வதற்காக அதே அறிவிப்பைத் திறந்தார். கைபேசியில் அட்டவணை முழுதாகத் தெரியாது. விரலால் தள்ள வேண்டும். தள்ளினார். கடைசி நெடுவரிசையின் தலைப்பு 'பெற்ற விதம்'. அதன் கீழே, 'ஊதியத்தின் பகுதியாக ஒதுக்கப்பட்டது' என்று இருந்தது. அந்த மனிதர் ஒரு காசும் போடவில்லை. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். அதிலிருந்து யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்று எழுதாமல் வரும் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டைத் திருப்பி அனுப்புகிறவர் அவர்.

அன்று விலை, வாங்கியதைவிடச் சற்று மேலேயே இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டால் போதும், விற்றுவிடலாம். ஏறத்தானே செய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை என்பதே உண்மை. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. "நம்ம மச்சான் மூளை பேங்க் மேனேஜருக்குக்கூடக் கிடையாது" என்று மாப்பிள்ளை பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையடித்தார். அவர் தலை குனிந்து இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை ஒரு பெரிய கார் நிறுவனம் தன் ஆர்டரைப் பாதியாக வெட்டியது. பத்தே நாளில் பங்கு விலை கிட்டத்தட்டப் பாதியானது.

அவர் தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டைரக்டர் நல்லா ஏமாத்திட்டான், இல்ல மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

அந்தப் 'பாவம்' தாங்கவில்லை.

"அவன் ஏமாத்தல, மாப்பிள்ளை. அவன் வாங்கவே இல்ல. சம்பளத்துல கொடுத்தது. நான்தான் சரியாப் படிக்கல."

"சரி, விடுங்க. யாரு தப்பு பண்ணல?"

"விலை இறங்கினப்புறம் தெரிஞ்சதில்ல. முன்னாடியே தெரியும்."

தங்கையின் கை நின்றது. "எப்போ, அண்ணா?"

"இங்க சாப்பிட்ட ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு நாள் முன்னாடி."

மாப்பிள்ளை கையை நீட்டினார். "அதைக் காட்டுங்க."

அவர் அட்டவணையைத் திறந்து, ஓரம்வரை தள்ளிக் கொடுத்தார். மாப்பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"எவ்வளவு தெளிவாப் போட்டிருக்கான்," என்றார், மனைவியிடம்.