ஒரே சைக்கிளில் எடுத்த படங்கள்

மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பு வாசலில் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றபோது பள்ளி எழுத்தரிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், நம்ம ஹெச்.எம். சார் போயிட்டாரு." லாரி வந்து போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

பெரும்பாக்கத்தில் எங்கள் தலைமையாசிரியராக இருந்த சண்முகம் சாரோடு வேலை செய்வது சுலபமில்லை. இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய சிடுசிடுப்பும் தெரியும்.

படிப்பில் முன்னேறும் பிள்ளைகளுக்குப் பரிசளிக்க ஒரு நிறுவனம் நிதி தந்துவந்தது. செலவறிக்கை போனால்தான் அடுத்த ஆண்டுப் பணம். அதை அனுப்புமுன் தாய்மார்களைக் கூட்டி உரக்கப் படித்துக் காட்டுவார் சார். "யாருக்குக் குடுத்தோமோ அவங்க தலையாட்டணும். அப்புறம்தான் என் கையெழுத்து" என்பார். எங்களுக்கு அது வேண்டாத வேலையாகவே தோன்றும்.

ஒரு வருடம் பரிசு சைக்கிள்கள். அறிக்கைக்கு நாள் நெருங்கியும் கடையிலிருந்து ஒன்றுதான் வந்திருந்தது. மற்றவை நாளைக்கே வந்துவிடும் என்ற கடைக்காரரின் பேச்சை நம்பி, எல்லாப் பிள்ளைகளையும் மாற்றி மாற்றி அதிலேயே உட்காரவைத்துப் படம் எடுக்கச் சொன்னதும் சார்தான். கூட்டத்தில் அவர் படித்துக்கொண்டிருந்தபோது, பரிசுக்குரிய பிள்ளைகளில் ஒருத்தியான தேவியின் அம்மா எழுந்தார்.

"சார், போட்டோல எம் பொண்ணு சைக்கிள் மேல குந்திகினு சிரிக்குது. வூட்டுக்கு இன்னும் நடந்துதான் வந்துகினு கீது."

எல்லோரும் சிரித்தார்கள். சாரின் முகம் கறுத்துவிட்டது. அங்கேயே அறிக்கையைத் திருத்தினார்: சைக்கிள்கள் இன்னும் வரவில்லை, படங்கள் எல்லாம் ஒரே சைக்கிளில் எடுத்தவை, அப்படி எடுக்கச் சொன்னது நான்.

"அடுத்த வருஷப் பணம் நின்னுடும் சார்" என்றேன்.

"நிக்கட்டும் டீச்சர். இல்லாத சைக்கிளுக்குப் பிள்ளைங்களைச் சிரிக்க வெச்சுட்டேனே, அதுக்கு என்ன பண்ணுவேன்?"

கடை வாசலிலேயே போய் உட்கார்ந்து சைக்கிள்களை வாங்கிவந்தார். அடுத்த வருடப் பணம் வரவில்லை. இந்த முறை பரிசு இல்லை என்பதை வகுப்பு வகுப்பாகப் போய் அவரே சொன்னார். அன்று மதியம் அவர் சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை.

செய்தி கேட்டு நான் போனபோது, தாம்பரத்தில் அவர் வீட்டு வாசலில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே ஒரு பழைய சைக்கிள் நின்றது. உள்ளே தேவி, இப்போது கல்லூரி மாணவி, அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னாலும் அடக்க முடியவில்லை.

இப்போது வேறொரு நிறுவனம் நிதி தருகிறது. அறிக்கை என் பொறுப்பு. சாரின் காரியம் முடிந்த பிறகு தாய்மார்களைக் கூட்டிப் படித்தேன். கையெழுத்திடப் போகும் நேரத்தில் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. சாரிடமிருந்து என்னிடம் தங்கியது இவ்வளவுதான்: பேனாவை மூடி வைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றேன்.