மழை வந்தால் கூப்பிடுவான்

கிரிக்கெட்டில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் மழை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை என்பது வேறு விஷயம்.

கணவர் போன பிறகு ஸ்ரீரங்கம் பிளாட்டில் நான் ஒருத்திதான். வீட்டில் மனிதக் குரல் கேட்கட்டுமே என்று டிவியை ஓடவிட்டிருப்பேன். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள் புனேயிலிருந்து மகன் போன் செய்தபோது ஏதோ மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அவனுக்குக் கிரிக்கெட் இருந்தால் சோறே வேண்டாம். அவனுக்குப் பிடித்ததைப் பேசுவோமே என்று, "கடைசி மூணு ஓவர்டா, டென்ஷனா இருக்கு" என்றேன்.

"அப்ப பாரும்மா. மழை வந்து மேட்ச் நின்னா கூப்பிடறேன்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

பிள்ளை மேட்ச் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, நடுவில் தொந்தரவு செய்யக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். சொன்னபடியே அடுத்த முறை மழையால் ஆட்டம் நின்றபோது கூப்பிட்டான். அதற்கடுத்த மழைக்கும் கூப்பிட்டான். மற்ற நாட்களில் 'சாப்டியா?' என்று ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான்.

மன்னார்புரத்தில் ஓர் ஆபீஸில் முப்பது வருஷம் ரூல் புத்தகத்தோடு மாரடித்தவள் நான். மழை விதிகளைக் கற்க எத்தனை நாளாகும்? ஒருநாள் ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடும் அணிக்கு இருபது ஓவராவது கிடைத்தால்தான் முடிவு. நேரம் போகப் போக ஓவரைக் குறைப்பார்கள், இலக்கையும் மாற்றுவார்கள். நடுவர்கள் குடையோடு வந்து தரையைத் தொட்டுப் பார்த்தால் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொள்வேன். ஆட்டம் தொடங்கினால் போனை வைத்துவிடுவானே! தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினால்தான் நிம்மதி. எந்த அணி ஜெயித்தால் எனக்கென்ன?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியான மேட்சில் நல்ல மழை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐம்பது ஓவர் நாற்பதானது, முப்பதானது. கடைசியில் ஆட்டத்தையே கைவிட்டார்கள். போன் வரவில்லை. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று பயந்து நானே கூப்பிட்டேன்.

"என்னடா, மழைல மேட்சே போச்சு, நீ கூப்பிடவே இல்ல?"

"அப்படியாம்மா? இன்னிக்கு ஸ்கோர் பாக்க மறந்துட்டேன்."

"மேட்ச் பாக்கலயா?"

"நான் எங்க பாக்கறேன்? புனேக்கு வந்ததுல இருந்தே கிரிக்கெட்ட விட்டாச்சு. மழைன்னு போட்டிருக்கான்னு மட்டும் போன்ல பாப்பேன். உனக்குதான் மேட்ச்னா உயிராச்சே. எப்பவும் ஏதாவது ஒண்ணு ஓடிட்டே இருக்கு. நடுவுல கூப்பிட்டா கோச்சுக்குவியேன்னுதான்."

அவன்மேல் கோபம் வந்தது, என்மேல் அதைவிட அதிகமாக வந்தது. ஐந்து வருஷத்தில் எத்தனை வெயில் நாட்கள் வீணாய்ப் போயின என்று நினைத்ததும் அழுகை முட்டியது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்? வேற மேட்ச் போட்டுட்டாங்களா? வெச்சுடட்டுமா?"

"வெச்சுடாதடா!" என்று கத்திவிட்டு, ரிமோட்டைத் தேடி டிவியை அணைத்தேன்.