தொப்புளுக்குள் ஒரு தழும்பு

கொரியாவின் பூசான் நகரில், பெண்கள் சேர்ந்து குளிக்கும் எங்கள் பொதுக் குளியல்கூடத்தில் அழுக்குத் தேய்த்துவிடும் மிஹ்யாங்குக்கு முகங்கள் மறந்துபோகும், உடம்புகள் மறக்காது. தழும்பைப் பார்த்தே இன்ன ஆபரேஷன் என்று சொல்லிவிடுவாள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நான் அவளை ‘டாக்டரம்மா’ என்று கிண்டல் செய்வேன். அவள் அதை நம்பிவிட்டாள், அதுதான் வினை.

அவள் மகள் தாயூனுக்கு ஏழு வயது. அடிக்கடி வயிற்றுவலி, கண்ணில் மஞ்சள். பித்தக் குழாய் வீங்கிப் பை மாதிரி ஆகிவிட்டது, எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், தொப்புளில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு எடுத்துவிடலாம், தழும்பே தெரியாது என்றும் சொன்னார். மிஹ்யாங் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“யார்கிட்ட கதை விடுறான் அந்த ஆளு? எத்தனை வயித்தைத் தேய்ச்சிருக்கேன், அப்படி ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லக்கா.”

“பெரிய டாக்டர் பொய்யா சொல்லுவாரு?”

“தழும்பை மறைக்கத் துண்டை வயித்துல அமுக்கிக்கிட்டு மூலையில குளிக்கிறவங்களை நீங்க பார்த்ததில்ல. நான் தினம் பாக்குறேன். என் பிள்ளை அப்படி நிக்கக் கூடாது.”

குளிர்காலம் முழுக்கக் கஷாயம் கொடுத்தாள். வலி போவதும் காய்ச்சலோடு திரும்புவதுமாக இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் அவள் வாயை யார் மூடுவது?

வசந்தத்தில் ஒருநாள், வாடிக்கையாக வரும் கல்லூரிப் பெண் செபினுக்கு முதுகு தேய்த்தபடி அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் காபி கொண்டுபோயிருந்தேன். குப்புறப் படுத்திருந்த செபின் தலையைத் தூக்கினாள்.

“சித்தி, சின்ன வயசுல எனக்கும் அதே ஆபரேஷன்தான். தொப்புள் வழியா.”

“விளையாடாதடி. வருஷக்கணக்கா உன்னைத் தேய்க்கிறேன்.”

“பார்த்துக்கோங்க,” என்று அவள் புரண்டு படுத்தாள்.

மிஹ்யாங் தொப்புளை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். மடிப்புக்குள் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“அப்போ இந்த மாதிரி எத்தனை பேரு என் கைக்கடியில போனாங்களோ?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தழும்பு தெரிந்தவர்களை மட்டுமே இவள் கணக்கில் வைத்திருந்தாள். மற்றவர்களுக்கு ஆபரேஷனே ஆகவில்லை என்று நினைத்திருக்கிறாள். செபினின் பாதி முதுகை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஆபரேஷன் அன்று நானும் கூட இருந்தேன். டாக்டர் வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்.

“பிள்ளைக்கு ஆபத்தில்லம்மா. ஆனா இத்தனை மாசம் சீழ் பிடிச்சுப் பிடிச்சு உள்ள எல்லாம் ஒட்டிப்போச்சு. கேமரா விட்டுப் பார்த்தோம், முடியல. வயித்தைக் கிழிச்சுத்தான் எடுத்தோம். முதல்லயே வந்திருந்தா...”

மிஹ்யாங் அழவில்லை. காது கேட்காதவள் போல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாயூன் இப்போது நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு கிண்டு எதுவும் இல்லாமல் வெந்நீர்த் தொட்டிக்கு ஓடுகிறாள். யார் பார்த்தாலும் அவளுக்குக் கவலையில்லை. அம்மாதான் அவளைப் பலகையில் போட்டுக் கை, கால், முதுகு எல்லாம் தேய்ப்பாள். வயிற்றுக்கு வந்ததும் கை நின்றுவிடும். போன ஞாயிறு தாயூன் கேட்டேவிட்டாள்.

“அங்க மட்டும் ஏம்மா தேய்க்க மாட்டேங்குற?”

“அங்க அழுக்கே இல்லடி,” என்று சொல்லி மிஹ்யாங் வெந்நீரை ஊற்றிவிட்டாள்.