நாச்சிமுத்து அண்ணனின் ரெண்டாவது வாய்ஸ்

சூலூர்ல எங்க தெருவுல விசைத்தறி குடோன் வெச்சிருக்கார் நாச்சிமுத்து அண்ணன். வாசல்ல கட்சிக்கொடி. அந்தக் கட்சி இப்ப ஆட்சியில இல்லை.

இன்னிக்குக் காலையில தறியெல்லாம் பொட்டுனு நின்னுபோச்சு. உடனே ஊர் வாட்ஸப் குரூப்புல ஒரு வாய்ஸ் போட்டார்.

"ஏனுங்க, மறுபடியும் கரண்ட் போச்சு, இதெல்லாம் ஒரு ஆட்சிங்களா? இவங்களுக்கு ஓட்டுப் போட்டவங்க வந்து என்ற தறியக் கொஞ்சம் பாருங்க!"

திட்டும்போதுகூட ஒரு 'ங்க' குறையலை.

எலக்ட்ரீசியன் வந்து பார்த்தா, தெரு பூரா கரண்ட் இருக்கு. போனது அண்ணன் குடோன் ஃபியூஸ்.

நானா இருந்தா மெசேஜை அழிச்சுட்டு கம்முனு இருந்திருப்பேன். அவர் கட்சிக்காரங்களும் போன் போட்டு அதைத்தான் சொன்னாங்களாம்.

அண்ணன் அதே குரூப்புல ரெண்டாவது வாய்ஸ் போட்டார்.

"தப்பு என்னுதுங்க. ஃபியூஸ் போனது எங்க பெட்டியிலீங்க. எங்க ஆட்சியா இருந்திருந்தா, மொதல்ல ஃபியூஸைத்தான் பார்த்திருப்பேன். மன்னிச்சுக்கோங்க."

மத்தியானம் பேக்கரியில பார்த்து, "எப்படிங்கண்ணா மனசு வந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"குரூப்புல திட்டுனத, தப்புன்னு குரூப்புலதானுங்க சொல்லோணும்"னுட்டு டீயைக் குடிச்சார். கொடி இன்னும் வாசல்லதான் பறக்குது. மனுசன்!

அப்புறம்தான் உறைச்சுது. மொத வாய்ஸை மூணு குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்ணினவன் நான். ரெண்டாவதை எங்கேயும் அனுப்பலை.

இப்ப மூணுலயும் போட்டுட்டேன். எல்லாரும் கேட்டாச்சு. மொத வாய்ஸுக்குக் கைதட்டுற எமோஜி போட்டவங்க ஒருத்தரையும் காணோம்.

நீங்க யாராச்சும் பார்த்தீங்களா?