ஜிப் மடிப்புக்குள் முப்பத்தொரு தையல்

சின்னவளும் பெரியவளும் ஒரே வீட்டு மருமகள்கள். ஒரே அரசு மருத்துவமனையில் வேலை, ஒரே பேருந்தில் போக்குவரத்து. பெருந்தொற்று வந்த இரண்டாம் மாதம் ஒரு சாயங்காலம் சின்னவள் தெருவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் வாசலில் நின்றவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். நர்ஸம்மா படியேறி முடிக்கும்வரை தட்டினார்கள். பத்தடி பின்னால் பெரியவள் வந்தாள். அதற்குள் அவர்களுக்குக் கை வலித்துவிட்டது போலிருக்கிறது, எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

சின்னவள் தொற்று வார்டில் செவிலி. அந்த வார்டிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற துணியை வெளுப்பது பெரியவளின் வேலை. சலவைக்கூடத்தில் ஒப்பந்தப் பணியாளர். கிருமி இருவருக்கும் ஒன்றுதான். கைதட்டல்தான் ஒருத்திக்கு மட்டும்.

பெரியவளின் வயிற்றெரிச்சல் அன்றைக்கு முளைத்ததல்ல, அதற்குப் பதினோரு வயது. படித்த மருமகளாகச் சின்னவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து மாமியாருக்கு மூத்த மருமகள் கண்ணில் படுவதே இல்லை. "சின்னவ களைச்சுப்போய் வந்திருப்பா, ஃபேனை அவ பக்கம் திருப்பு" என்பார். திருப்புகிறவள் பெரியவள். சின்னவள் தும்மினால் வீடே பதறும். பெரியவள் மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, "ஏன் இன்னும் பாத்திரம் கிடக்கு?" என்று மட்டும் ஒரு குரல் வந்தது. இவ்வளவுக்கும் சின்னவள் கெட்டவளா என்றால் இல்லை. அதுதான் பெரியவளுக்கு இன்னும் ஆத்திரம். வாய்விட்டுத் திட்டக்கூட ஒரு காரணம் தரமாட்டாள்.

மாநில அரசு அந்த நாட்களில் சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் பேட்டி கொடுத்தது, சுவரெங்கும் விளம்பரம் ஒட்டியது, மருத்துவமனை வாசலில் அமைச்சரின் ஆளுயரப் படத்தை வைத்தது. கவச உடையை மட்டும் அனுப்பவில்லை. முதல் வாரத்தில் ஒரு தடவை வந்ததோடு சரி. ஒருமுறை போட்டதும் எறிய வேண்டிய உடை அது. எறிந்துவிட்டு அடுத்த நாள் எதைப் போடுவது? கிடங்குப் பொறுப்பாளர் சலவைக்கூடத்துக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "துவைச்சுக் குடும்மா. எழுத்துல எதுவும் இருக்காது, கேட்காதே."

பெரியவள் துவைத்தாள். அறுவை அரங்குத் துணிகளுக்கு அந்தக் கூடத்தில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு சலவை முடிந்ததும் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட வேண்டும். தையலை எண்ணிப் பார்த்து, நைந்த துணியைக் கழித்துவிடுவார்கள். ஒன்பது வருடப் பழக்கம், கை தன்னால் ஊசியைத் தேடியது. உடையின் உடம்பில் தைத்தால் ஓட்டை விழும் என்று, ஜிப்பை மூடுகிற மடிப்பின் உட்புறத்தில் தைத்தாள். துவைக்கவே இல்லை என்று மேலிடம் சொல்லப்போகும் ஓர் உடையில், எத்தனை தடவை துவைத்தது என்று அவளே பதித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வில்லங்கம் இருப்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

அமைச்சர் தொலைக்காட்சியில், "ஒவ்வொரு செவிலிக்கும் தினம் இரண்டு புதிய உடை" என்றார். அந்த வாரம்தான் சின்னவளோடு வார்டில் நின்ற ஒரு செவிலி தொற்று வந்து செத்துப்போனாள். மறுநாள் சின்னவள், அக்குளில் கிழிந்து பிளாஸ்டர் ஒட்டிய தன் உடையைக் கைப்பேசிக்குக் காட்டி, "இது புதுசாங்க? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். இரண்டே நாளில் மாநிலம் முழுக்க அதைப் பார்த்தது. மூன்றாம் நாள் வதந்தி பரப்பியதாகச் சொல்லி அவளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். வழக்கும் வரும் என்றார்கள்.

வேலை போனால் ஒருத்தி மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்றுதான் பெரியவள் எதிர்பார்த்தாள். வாசலில் நிருபர்கள் வந்து நின்றார்கள். மாமியார் நல்ல புடவை கட்டிக்கொண்டு, "எங்க சின்னவளுக்குத் தைரியம் ஜாஸ்தி" என்று பேட்டி கொடுத்தார். பெரியவள் உள்ளே நின்று கேட்டாள். அந்த உடையை வெளுத்தவள் யார், அந்த பிளாஸ்டரை ஒட்டியவள் யார் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

விசாரணைக் குழு வந்தது. தலைநகரத்திலிருந்து ஓர் அதிகாரி, அவரோடு குறிப்பெடுக்க ஒரு பெண் மருத்துவர். பெரியவளைக் கண்காணிப்பாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. இந்த மருத்துவமனையில் கவச உடை ஒருபோதும் சலவைக்கு வந்ததில்லை என்று அதில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் சின்னவள் பொய்க்காரி ஆவாள், வேலை நிரந்தரமாகப் போகும். பெரியவளின் வேலை நிரந்தரமாகும் என்று அதிகாரி சாடையாகச் சொன்னார்.

அவள் பேனாவை வாங்கினாள். கை நடுங்கவே இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மனசுக்குள் குளிர்ச்சியாகக்கூட இருந்தது.

அதிகாரி அதற்குள் சாட்சிக்கு வைத்திருந்த சின்னவளின் உடையை எடுத்துப் புரட்டினார். ஜிப் மடிப்பு விரிந்தது. "இது என்ன சிவப்பு நூல்?"

பக்கத்தில் நின்ற கிடங்குப் பொறுப்பாளருக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் ஆள் சமாளித்துவிட்டார். "அந்த நர்ஸ் வேலைதான் சார் இது. நம்மள மாட்டிவிட அவளே உட்கார்ந்து தைச்சிருக்கா."

அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தையலை விரலால் தடவினார். "கெட்டிக்காரிதான். என்ன நேர்த்தி பாருங்க. எல்லாம் ஒரே அளவு."

பெரியவளுக்குக் காது அடைத்துவிட்டது. சின்னவள் கைதட்டலை எடுத்துக்கொண்டாள், மாமியாரை எடுத்துக்கொண்டாள், தொலைக்காட்சியை எடுத்துக்கொண்டாள். இப்போது இதுவுமா?

"அது என் தையல் சார்" என்றாள்.

"என்னம்மா?"

"நான் போட்டது. அவளுக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. பட்டன் அறுந்தாக்கூட என்கிட்டதான் தூக்கிட்டு வருவா. எண்ணிப் பாருங்க, முப்பத்தொண்ணு இருக்கும். முப்பத்தோரு தடவை என் கையால வெளுத்திருக்கேன். கூடத்துல இன்னும் நாப்பது உடை இருக்கு. அதுலயும் என் தையல்தான்."

"யோசிச்சுப் பேசுங்க" என்றார் அதிகாரி.

"என் தையல் எனக்குத் தெரியாதா? இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பெண் மருத்துவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். முப்பத்தொன்று என்பதை எழுத்திலும் எண்ணிலும் எழுதினார்.

சலவைக்கூடத்துக்குத் திரும்புவதற்குள் ஒப்பந்த நிறுவனத்திலிருந்து போன் வந்துவிட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம். காரணம் சொல்லவில்லை. பெரியவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தான் என்ன செய்துவைத்தோம் என்பது பாதி வழியில்தான் அவளுக்குப் புரிந்தது.

மாடிப்படியில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனைச் செய்தி பெரியவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அக்கா, நான் இன்னிக்குக் காலையிலயே மன்னிப்புக் கடிதம் குடுத்துட்டேன்" என்றாள். "உடை எல்லாம் புதுசுதான், நான் சொன்னது தப்புன்னு எழுதிட்டேன். கேஸ் போடுவோம்னு மிரட்டினாங்க. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அந்தக் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் அதிகாரி இவளிடமும் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். பெரியவள் ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தாள், வேலை செய்து காய்த்த விரல்களைப் பார்த்தாள், சட்டென்று வேறு பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வை என்னவென்று பெரியவளுக்குத் தெரியும். பதினோரு வருடமாக அவளே பார்த்த பார்வை அது. ஒருநாளாவது தன்மேல் அது விழாதா என்று ஏங்கியிருக்கிறாள். விழுந்தபோது இனிக்கவில்லை.

"உங்களுக்குப் பயமாவே இல்லையாக்கா?"

"இல்லை" என்றாள் பெரியவள்.

அது உண்மைதான். பயப்படுவதற்கு மனசில் இடமே இருக்கவில்லை. அவ்வளவு பொறாமை.